புவாத் திறக்காத பூட்டு

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியை ஒட்டிய ஒரு பழைய கட்டடத்தின் கீழ்த்தளத்தில் நான் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். எனக்கு நேர் எதிரே, நடைவழியின் மறுபக்கத்தில், பதினாறு வருடமாகப் புவாத் போன் திருத்திக்கொண்டிருந்தார். கடை என்று சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். ஆறடி அகலம், ஒரு மேசை, ஒரு பூதக்கண்ணாடி விளக்கு, ஒரே ஒரு கதிரை. அந்தக் கதிரையிலும் அவர்தான் இருப்பார். வந்தவர்கள் நின்றுகொண்டுதான் கதைக்க வேண்டும்.

கொம்பனித்தெருவில் பிறந்தவர். அவருடைய வாப்பா கொச்சிக்கடைப் பக்கம் துறைமுகக் கிட்டங்கியில் மூட்டை தூக்கினார். முதுகு போய் அவர் படுக்கையில் விழுந்தபோது புவாத்துக்குப் பதினாறு வயது. படிப்பை விட்டுவிட்டு ரேடியோ திருத்தும் ஒருவரிடம் போய் நின்றார். ரேடியோ போனது, கசெட் போனது, போன் வந்தது. வந்த ஒவ்வொன்றையும் தானே கழற்றி, தானே எரித்து, தானே படித்தார். அவர்கள் இருந்த ஒழுங்கையை இடித்து மாடிக் கட்டடம் எழுப்பியபோது, தெமட்டகொடையில் ஒன்பதாம் மாடியில் இரண்டு அறை கொடுத்தார்கள். மனைவி பர்ஹா அங்கே அயலவர்களின் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுக்கிறார். ஒரே மகள் சஹ்லா ஏ.எல். உயர்தர வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள்.

புவாத்தை இனிமையான மனிதர் என்று நினைத்துவிட வேண்டாம். பொருளைக் கவனமாக வைத்திருக்கத் தெரியாதவர்களை அவருக்குக் கண்ணில் காட்டக் கூடாது. தண்ணீரில் விழுந்த போனை மூன்று நாள் கழித்துக் கொண்டுவந்து நீட்டுகிறவரிடம், "ஏன், இன்னும் கொஞ்சம் ஊறவிட்டிருக்கலாமே" என்பார். ஆனால் அவருக்குச் சில கட்டுப்பாடுகள் இருந்தன. தன்னுடையது என்று காட்ட முடியாதவரின் போனைத் திறக்கமாட்டார். ஒரு பெண் தன் புருஷனின் போனைக் கொண்டுவந்து அழுதபோதும் திறக்கவில்லை. அந்தப் பெண் மூலைக் கடைக்குப் போய்த் திறந்துகொண்டு போனாள்.

உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடைத் தேவாலயத்தில் குண்டு வெடித்த அந்த ஏப்ரலுக்குப் பிறகு இன்னொரு பழக்கமும் சேர்ந்தது. வயரும் பற்றரியும் சர்க்கிட்டும் மேசையில் பரப்பி வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் மனிதரை அந்த மாதங்களில் கொழும்பு எப்படிப் பார்த்தது என்பது எங்களுக்குத் தெரியும். ஆமிக்காரர்கள் இரண்டு தடவை வந்து மேசை லாச்சிகளைக் கவிழ்த்துவிட்டுப் போனார்கள். அதிலிருந்து புவாத் எதைத் திறந்தாலும் திறக்க முன் ஒரு படம், திறந்த பின் ஒரு படம், மூடிக் கொடுக்கும்போது ஒரு படம் எடுத்துவைப்பார். உள்ளே தன் கடைப் பெயரும் திகதியும் போட்ட ஒரு சின்ன ஸ்டிக்கரையும் ஒட்டுவார்.

இனி கப்டன் தியாகராசா. வெள்ளவத்தைத் தமிழருக்கு அவர் ஒரு பெருமை. மரைன் டிரைவில் கடலைப் பார்த்த மாடிவீடு. விமானம் ஓட்டுகிறார், எந்த நிறுவனத்துக்கு என்பது இங்கே வேண்டாம். கலியாண வீடுகளில் அவருக்கு முன்வரிசையில் இடம் பிடித்து வைப்பார்கள். பாடசாலைப் பரிசளிப்பு விழாக்களில் பிரதம விருந்தினராக வந்து ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுவார். அந்தப் பேச்சை என் கடையில்தான் ரைப் செய்வித்து எடுப்பார். ஏழு வருடமாக ஒரே பேச்சு. பாடசாலையின் பெயரை மட்டும் மாற்றச் சொல்வார். "ஆகாயத்தில் சின்னப் பிழை என்று ஒன்று கிடையாது" என்று அதில் ஒரு வரி வரும். அந்த இடத்தில் கைதட்டு விழும் என்று அவரே எனக்குச் சொல்லியிருக்கிறார்.

பெப்ரவரி மாதம் ஒரு சனிக்கிழமை காலை அவர் காலி வீதியில் காரை நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்திவிட்டு, அரைக் காற்சட்டையோடு புவாத்தின் கடைக்கு வந்தார். கையில் ஒரு டெப், விமானிகள் கொண்டுதிரியும் கைக்கணினி. கண்ணாடி ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரை வெடித்திருந்தது. இளைய மகன் சோபாவில் அதன் மேல் ஏறிக் குதித்திருக்கிறான்.

"தம்பி, இதுக்குக் கண்ணாடி மாத்தேலுமோ? இண்டைக்கே வேணும்."

புவாத் டெப்பைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் நிறுவனத்தின் பெயரும் ஓர் இலக்கமும் ஒட்டியிருந்தன. இது கொம்பனியின் சாமான், அங்கே கொடுத்தால் அவர்களே மாற்றித் தருவார்களே என்று கேட்டார். அங்கே கொடுத்தால் எப்படி உடைந்தது, வீட்டில் யார் கையில் கொடுத்தீர்கள் என்று எழுதித் தரச் சொல்வார்கள், அந்தப் பிரிவில் இருக்கிற ஒரு பெட்டைக்கு விளக்கம் எழுதிக்கொண்டிருக்கத் தனக்கு நேரமில்லை என்றார் கப்டன். புவாத் சற்று யோசித்தார். பிறகு கண்ணாடியை மாற்றிக் கொடுத்தார். அதைத் தொட்டதே தன்னுடைய பிழை என்று பின்னால் அவரே என்னிடம் சொன்னார். இந்தக் கதையில் தன் பிழையை நேரத்தோடு தானாக ஒப்புக்கொண்ட ஆண் அவர் ஒருவர்தான்.

புதுக் கண்ணாடி வேலை செய்கிறதா என்று பார்க்க டெப்பைத் திறக்க வேண்டியிருந்தது. கப்டன் இரகசிய இலக்கத்தைச் சத்தமாகச் சொன்னார்: ஒன்றிலிருந்து ஆறு வரை. நடைவழியில் நின்ற எல்லோருக்கும் கேட்டது. எனக்கும் கேட்டது. நூற்றைம்பது பேரோடு எழும்புகிற ஒரு விமானத்தின் கணக்கு வழக்கெல்லாம் வைத்திருக்கும் பெட்டிக்கு, என் சைக்கிள் பூட்டை விடச் சுலபமான திறப்பு.

உள்ளே விமான நிலையங்களின் வரைபடங்கள் இருந்தன. இன்னொரு பக்கத்தில் எண்கள் நிரப்புகிற கட்டங்கள். அது என்ன என்று புவாத் கேட்டார். கப்டனுக்கு அந்தக் கேள்வி பிடித்துவிட்டது. விமானத்தின் பாரம், அன்றைய வெயில், காற்று, ஓடுபாதையின் நீளம் எல்லாவற்றையும் போட்டால், எந்த வேகத்தில் மூக்கைத் தூக்க வேண்டும் என்று இது சொல்லும். முந்திப் பெரிய புத்தகங்களைப் புரட்டிச் செய்த வேலை, இப்போது ஒரு விரல் போதும் என்று நின்றபடியே ஒரு வகுப்பு எடுத்தார். எடுத்து முடித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இன்னொரு வேலையும் இருக்கு. இதில கொம்பனி ஒரு பூட்டுப் போட்டு வைச்சிருக்கு. ஒண்டும் இறக்கேலாது, ஹோட்டலில ஒரு மெட்ச் பாக்கேலாது. மகனும் கேம் வேணுமெண்டு நிக்கிறான். அதைக் கழட்டி விடு."

"அது ஏலா சேர்."

"ஏலாதோ, செய்யத் தெரியாதோ?"

"தெரியும். செய்யமாட்டன். வேகத்த இதுதான் சொல்ற எண்டு நீங்கதானே இப்ப சொன்ன. அதுக்குள்ள வேற எதுவும் வராம ஈக்கத்தான் பூட்டுப் போட்டீக்கிறாங்க. எத்தின உசிரு போற வாற சாமான் சேர் இது."

கப்டன் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "நீ எனக்குப் பிளேன் படிப்பிக்காதை" என்று சொல்லி டெப்பைப் பறித்துக்கொண்டு போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் மறுபடியும் வந்தார். முதலில் என் கடையில் பேச்சை எடுத்தார். அந்த முறை ஏதோ பெண்கள் பாடசாலை. பிறகு புவாத்தின் பக்கம் திரும்பியும் பார்க்காமல் நேரே மூலைக் கடைக்குப் போனார். அங்கே அப்ஹாம் என்று ஒருவன் இருந்தான். எந்த லொக்கும் பத்து நிமிடத்தில் என்று போர்ட் வைத்திருந்தவன். அவனுக்குப் பத்து நிமிடத்தை விடக் கூட எடுத்தது. டெப்புக்கும் நிறுவனத்துக்கும் இடையில் இருந்த தொடர்பை அடைத்து, உள்ளே இருந்தவை அப்படியே இருக்க, வேண்டியதையெல்லாம் இறக்கக்கூடியதாகச் செய்து கொடுத்தான். கப்டன் டெப்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சந்தோஷமாக என் கடையைத் தாண்டிப் போனார். நான் தலையாட்டினேன். அவரும் தலையாட்டினார்.

அடுத்து நடந்ததை நான் பார்க்கவில்லை. அந்த நிறுவனத்தின் டெப் பிரிவில் வேலை செய்யும் ரொஷேல் பின்னால் சொல்லித்தான் தெரியும். கப்டன் சொன்ன அந்தப் 'பெட்டை' இவர்தான். முப்பத்துநான்கு வயது, கொட்டாஞ்சேனைக்காரி.

சித்திரைப் புத்தாண்டுக்குப் பிந்திய கிழமை. கப்டனின் விமானம் வெளிநாட்டு விமான நிலையம் ஒன்றிலிருந்து கொழும்புக்குத் திரும்ப ஆயத்தமாக நின்றது. நல்ல மத்தியான வெயில். அங்கே ஓடுபாதையின் ஒரு முனையில் திருத்தவேலை நடந்ததால் நீளத்தைக் குறைத்திருந்தார்கள். அந்த மாற்றம் எல்லா டெப்புக்கும் நிறுவனத்திலிருந்து தானாகவே போயிருந்தது, தொடர்பு அடைபட்டிருந்த ஒன்றைத் தவிர. ஓடுபாதை பற்றிய அறிவித்தல் கடதாசியிலும் இருந்தது. கப்டன் கடதாசிகளை வாசிக்கும் கட்டத்தைத் தாண்டியவர். உள்ளே இருக்கும் தகவல் பழையது என்று டெப்பே ஓர் எச்சரிக்கையைக் காட்டியிருக்கிறது. இரண்டு மாதமாகக் காட்டியிருக்கிறது. அவர் அதை ஒவ்வொரு முறையும் விரலால் தள்ளிவிட்டிருக்கிறார்.

இரண்டு விமானிகளும் தனித்தனியாகக் கணக்குப் போட்டு ஒப்பிட வேண்டும் என்பது விதி. பக்கத்தில் இருந்த துணை விமானி சாம்பவிக்கு இருபத்தேழு வயது. அவருடைய எண்களும் கப்டனின் எண்களும் ஒத்துவரவில்லை. நீ பிழையாகப் போட்டிருக்கிறாய், மறுபடி போடு என்றார் கப்டன். மறுபடியும் போட்டார், அதே எண்கள்தான் வந்தன. பிறகு சாம்பவி கப்டனின் டெப்பில் ஓடுபாதையின் நீளத்தைப் பார்த்தார். பாதை இன்னும் முழு நீளத்தில் இருந்தது. பயணிகள் ஏறி இருந்துவிட்டார்கள், நேரமாகிறது, என்னுடைய எண்ணைப் போடு என்று கப்டன் சொன்னார். சாம்பவி போட மறுத்து, கொழும்பு அலுவலகத்தைத் தொடர்புகொண்டு மூன்றாவது கணக்குக் கேட்டார். சாம்பவியின் கணக்குத்தான் சரி.

விமானம் நாற்பது நிமிடம் பிந்தி வந்து சேர்ந்தது. கப்டனின் எண்ணோடு ஓடியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நான் ரொஷேலைக் கேட்டேன். "பாதை முடியிற இடத்தில சில்லு இன்னும் நிலத்தில இருந்திருக்கும் அங்கிள். அதுக்கங்கால என்ன எண்டு எனக்குத் தெரியாது" என்றார்.

சாம்பவி நடந்ததை எழுதிக் கொடுத்தார். டெப்பை வாங்கிப் பார்த்தார்கள். நிறுவனத்தின் பூட்டு இல்லை. பதினான்கு விளையாட்டுகள் இருந்தன. எங்கிருந்து வந்தது என்றே தெரியாத, திரையில் தெரிவதையெல்லாம் வெளியே அனுப்பக்கூடிய ஒரு செயலியும் இருந்தது. மகன் கேமோடு சேர்த்து இறக்கியிருக்கிறான். பின்மூடியைக் கழற்றினார்கள். உள்ளே ஒரு சின்ன ஸ்டிக்கர்: புவாத் மொபைல், வெள்ளவத்தை, திகதி.

கப்டனிடம் விளக்கம் கேட்டார்கள். ஆகாயத்தில் சின்னப் பிழை கிடையாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த மனிதர் மூன்று வரி எழுதினார். கண்ணாடி மாற்ற மட்டுமே கொடுத்ததாகவும், வேறு எதுவும் தனக்குத் தெரியாதென்றும், கடைக்காரர் தனக்குச் சொல்லாமல் அதில் கைவைத்திருக்கலாம் என்றும். கடைக்காரரின் பெயரையும் முழுப்பெயராக எழுதியிருந்தார். அந்தப் பெயர் வாசிப்பவர்களின் மனதில் என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியாமலா இருந்தது?

அடுத்த புதன்கிழமை பின்னேரம் நான்கு பேர் வந்தார்கள். ஒருவர் நிறுவனத்தின் பாதுகாப்புப் பொறுப்பாளர், ஆமியில் இருந்து ஓய்வு பெற்றவர், இன்னும் ஆமி நடை. மற்ற மூவரும் சிவில் உடுப்பில் பொலிஸ். புவாத்தை எழும்பி நிற்கச் சொன்னார்கள். அவர் சிங்களத்தில் பணிவாக என்ன விஷயம் என்று கேட்டார். லாச்சிகளில் இருந்த வாடிக்கையாளர்களின் போன்களையெல்லாம் ஒரு சாக்கில் கொட்டினார்கள். மாதக்கணக்காக அவர் பஞ்சில் வைத்துக் காத்த சின்னச் சின்னச் சாமான்கள் கீழே விழுந்து மிதிபட்டன. அவரைப் பிடித்துக்கொண்டு போகும்போது புவாத் ஒருமுறை என் பக்கம் பார்த்தார்.

நான் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே போய் மெசினுக்குக் கடதாசி போட்டேன். மெசினில் ஏற்கெனவே கடதாசி இருந்தது.

என்னைப் பற்றி இதற்கு மேல் நல்லதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. எண்பத்துமூன்றில், தமிழருக்கு எதிரான கலவரத்தில், என் தகப்பனாரின் கடைக்கு முன்னால் ஆட்கள் வந்து நின்றபோது, அயலில் யாரெல்லாம் கதவைச் சாத்தினார்கள் என்று பெயர் பெயராகச் சொல்லிக்கொண்டு நாற்பது வருடம் திரிந்தவன் நான். என் முறை வந்தபோது எனக்கு ஒரு நிமிடமும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

பொழுதுபட முன் கட்டடம் முழுக்கக் கதை பரவிவிட்டது. விமானத்துக்கு ஏதோ வைத்தானாம். டெப் ஒன்றைக் கொடுத்துக் கப்டன் தியாகராசாவை மாட்டப் பார்த்தானாம். பேஸ்புக்கில் யாரோ கடையின் படத்தைப் போட்டிருந்தார்கள். பதினாறு வருடமாக அவரிடம் திருத்தியவர்கள் வந்தார்கள். தங்கள் போன் எங்கே என்று கேட்டார்கள். ஆள் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. அப்ஹாம் கடையைப் பூட்டிக்கொண்டு ஹெந்தளையில் மாமி வீட்டுக்குப் போய்விட்டான். போகும்போது அந்தப் போர்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனதை நான் கண்டேன்.

பொலிசில் புவாத்திடம் ஒரே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார்கள். அதில் என்ன போட்டாய், யார் சொல்லிப் போட்டாய், எந்தப் பள்ளிவாசலுக்குப் போகிறாய், வெளிநாட்டில் யார் இருக்கிறார்கள். கண்ணாடிதான் மாற்றினேன், கப்டன் பிறகு மூலைக் கடைக்குப் போனார் என்று அவர் சொன்னதை ஒருவரும் எழுதிக்கொள்ளவில்லை. தான் எடுத்துவைத்த படங்களைக் காட்டினார். திறக்க முன், திறந்த பின், மூடிய பின், திகதியோடும் நேரத்தோடும் இருந்தன. அவரைக் காப்பாற்றும் என்று அவர் நினைத்த அந்தப் படங்களையே பாதுகாப்புப் பொறுப்பாளர் பிடித்துக்கொண்டார். ஒரு சாதாரணக் கடைக்காரனுக்கு விமானத்தின் டெப்பை உள்ளும் புறமும் படம் எடுக்க என்ன தேவை, யாருக்கு அனுப்பினாய் என்று அதிலிருந்து புதிதாகத் தொடங்கினார்கள்.

இரண்டாம் நாள் காலை பர்ஹா என் கடைக்கு வந்தார். அதற்கு முன் நான் அவரை இரண்டோ மூன்றோ தடவைதான் கண்டிருப்பேன். சஹ்லாவும் கூட வந்து வாசலில் நின்றாள்.

"அண்ணன், நீங்க நேர எதிர்ல ஈக்கிறீங்க. அந்த ஆள் பொறகு அப்ஹாம்ட கடைக்குப் போன எண்டு இவர் சொன்ன. நீங்க கண்டீப்பீங்க. ஒருக்கா வந்து அத மட்டும் சொல்லுவீங்களா?"

"நான் கவனிக்கேல்லை பிள்ளை" என்றேன். "அண்டைக்கு நல்ல சனம். வேலையில நிண்டனான்."

அவர் கெஞ்சவில்லை. என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி" என்று சொல்லிவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு போனார். என் பொய்யை அவர் நம்பவில்லை என்பது எனக்கு விளங்கியது.

பொய் சொல்லாத ஒரு ஆள் கட்டுநாயக்க விமான நிலையத்தில் இருந்தது எங்கள் யாருக்கும் தெரியாது. ரொஷேலின் பொறுப்பில் இருநூற்றுப் பதினான்கு டெப்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு நாளும் நிறுவனத்தின் கொம்பியூட்டரோடு ஒருமுறையாவது பேச வேண்டும். பேசாவிட்டால் ரொஷேலின் பட்டியலில் சிவப்பாகத் தெரியும். கப்டனின் டெப் சனிக்கிழமை, புவாத் கண்ணாடி மாற்றிக் கொடுத்த பிறகும், பேசியது. ஞாயிறும் பேசியது. திங்கட்கிழமை புதிய தகவல்களை ஒழுங்காக வாங்கிக்கொண்டது. செவ்வாய்க்கிழமை பின்னேரம் நான்கு பத்துக்குப் பிறகுதான் பேச்சு நின்றது. ரொஷேல் அந்தக் கிழமையே மேலதிகாரிக்கு எழுதினார். மறு கிழமையும் எழுதினார். மூன்றாம் தடவை எழுதியபோது, சீனியர் கப்டன்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று ஒரு வரியில் பதில் வந்தது.

கடைக்காரர் ஒருவரைப் பிடித்திருப்பதாக அலுவலகத்தில் கேள்விப்பட்டதும் அவர் அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு மேலதிகாரியிடம் போனார். அதைக் கோவையில் போட்டு வை, கேட்டால் கொடுப்போம் என்றார் அந்த மனிதர். கேட்கமாட்டார்கள் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். ரொஷேல் அரைநாள் லீவு போட்டார். பட்டியலையும் தன் மூன்று கடிதங்களையும் அந்த ஒரு வரிப் பதிலையும் அச்செடுத்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறிப் பொலிசுக்குப் போனார். அங்கே இரண்டு மணித்தியாலம் வாங்கில் இருக்க வைத்தார்கள். எழும்பாமல் இருந்தார். கடைசியில் ஒரு இன்ஸ்பெக்டர் வந்து வாசித்தார். சனிக்கிழமைப் படங்களையும் செவ்வாய்க்கிழமை நேரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அந்த மனிதருக்காவது கூட்டிக் கழிக்கத் தெரிந்திருந்தது.

நான்காம் நாள் புவாத்தை விட்டார்கள். வழக்கு இல்லை. மன்னிப்பும் இல்லை. போன்களைத் திருப்பிக் கொடுக்க ஆறு கிழமை எடுத்தது. மூன்று போன்கள் வரவே இல்லை.

செவ்வாய்க்கிழமை கப்டன் எந்தக் கடைக்குப் போனார் என்று தெரிந்துகொள்ள ரொஷேல் எங்கள் கட்டடத்துக்கு வந்தபோதுதான் இதெல்லாம் எனக்குச் சொன்னார். புவாத் வெளியே வந்துவிட்டார், இனிப் பயமில்லை என்று தெரிந்த பிறகு, கண்டதையெல்லாம் நானும் சொன்னேன். மூலைக் கடை, நேரம், கக்கத்தில் டெப். எழுதிக் கையெழுத்தும் வைத்தேன். ரொஷேல் நன்றி சொன்னார். அந்த நன்றியை வாங்கிக்கொள்ளவும் எனக்கு வெட்கம் வரவில்லை, பிறகுதான் வந்தது.

கப்டனுக்கு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். இரண்டு கிழமை பயிற்சி வகுப்பு. பிறகு பழையபடி விமானம். சாம்பவிக்குத் தன்னம்பிக்கையும் கூட்டாக வேலை செய்யும் பண்பும் போதாது என்று ஆண்டறிக்கையில் எழுதினார்கள். ரொஷேலுக்கு, உள் ஆவணங்களை வெளியே கொடுத்ததற்காக எச்சரிக்கைக் கடிதம். வேலையை விடப் போகிறாரா என்று கேட்டேன். "நான் போனா அந்த லிஸ்டையே பாக்க ஆளில்லாமப் போயிரும். அதுதான் அவங்களுக்கு வேணும்" என்றார். அதற்குப் பிறகு ஒரு மாற்றம் மட்டும் வந்தது: இரண்டு நாள் பேசாத டெப்பை எந்தக் கப்டனும் விமானத்துக்குள் கொண்டுபோக முடியாது. அந்த விதியை அறிமுகம் செய்துவைத்து உரையாற்றியவர் ரொஷேலின் மேலதிகாரி.

ஜூன் மாதம் கப்டன் ஒரு நாள் வந்தார். கையில் ஒரு கேக் பெட்டியும் ஒரு கடிதமும். விசாரணைக் கோவையை மூட வேண்டுமாம். நடந்தது ஒரு விளக்கக் குறைவு என்றும், தனக்குக் கப்டன் மேல் எந்த முறைப்பாடும் இல்லை என்றும் புவாத் ஒரு கையெழுத்து வைத்தால் எல்லோருக்கும் நல்லது. புவாத் ஒரு போனின் உள்ளே ஒட்டுவேலை செய்துகொண்டிருந்தார். விளக்கை அணைக்கவில்லை, நிமிரவும் இல்லை. கப்டன் சுற்றி வளைத்து, குடும்பம் பிள்ளைகள் என்று கதைத்து, கடைசியில் கடிதத்தை மேசையில் வைத்தார். புவாத் அதை ஒரு விரலால் மேசை விளிம்புக்குத் தள்ளினார்.

"அந்த நாலு நாளும் என்ட மகள் ஸ்கூலுக்குப் போகல்ல. போன பொறகு, 'உங்கட வாப்பா என்ன வெச்ச' எண்டு புள்ளைகள் கேட்டீக்கிறாங்க. நான் அவளுக்கு உங்களப் பத்தி என்ன சொன்ன தெரியுமா சேர்? ஒண்ணும் சொல்லல்ல. சொல்ற அளவுக்கு நீங்க பெரிய ஆள் இல்ல."

பிறகு திருத்த வந்து பக்கத்தில் நின்ற பெண்ணிடம் அவருடைய போனைக் கேட்டு வாங்கினார். கப்டன் இன்னும் சில விநாடி நின்றார். அவரை ஒருவரும் பார்க்கவில்லை. அந்த மனிதருக்கு அது பழக்கமில்லாத காரியம். கடிதத்தை எடுத்தார், கேக் பெட்டியை எடுப்பதா விடுவதா என்று தடுமாறினார், எடுத்துக்கொண்டு போனார்.

ஓகஸ்ட் கடைசியில் புவாத் வெள்ளவத்தையை விட்டுப் போனார். பேஸ்புக் படத்தை யாரும் எடுத்துவிடவில்லை. அதைக் கண்டவர்கள் திரும்பி வரவில்லை. இப்போது கொம்பனித்தெருவில், பெரிய கட்டடங்களுக்குப் பின்னால் மிஞ்சியிருக்கும் ஒரு ஒழுங்கையில் அவருக்குக் கடை இருக்கிறது. நிறுவனங்களின் சாமான்கள் திருத்தப்படமாட்டா என்று மூன்று மொழியிலும் எழுதி ஒட்டியிருக்கிறார்.

போன மாதம் என் போனைக் கொண்டுபோனேன். அதற்குப் பெரிய பழுது ஒன்றும் இல்லை. அவர் வாங்கிப் பார்த்தார், பற்றரி வீங்கத் தொடங்கிவிட்டது, மூன்று மணிக்கு வாருங்கள் என்றார். மூன்று மணிக்குப் போனேன். சுகம் விசாரித்தேன். சஹ்லாவுக்குப் பல்கலைக்கழகம் கிடைக்கும் போலிருக்கிறது என்றார். பர்ஹா கடைக்கு வந்த அன்று நான் சொன்னது பொய் என்றேன். முழுவதும் கண்டேன், பயத்தில் மறைத்தேன் என்றேன்.

"தெரியும் அண்ணன்" என்றார். கோபம் இருக்கவில்லை. கோபப்படுகிற அளவுக்கு நான் அவருக்கு வேண்டியவனாக இனி இல்லை. பற்றரியை இரண்டு மணித்தியாலம் முழுதாகச் சார்ஜ் பண்ணிவிட்டுப் பாவிக்கச் சொல்லி, போனை என் கையில் தந்தார்.